வராத மெஷினுக்கு நான் சொன்ன சாட்சி

அன்பு மகள் ஷைனிக்கு, கும்மிடிப்பூண்டியிலிருந்து நைனா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். மஸ்கட்டில் நீ சுகமாக இருக்கிறாய் என்பதை அம்மா உன்னிடம் போனில் பேசுவதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். நீ கூப்பிடும்போதெல்லாம் நைனா குளிக்கிறார், நைனா கடைக்குப் போயிருக்கிறார் என்று அவள் சொல்கிறாள், அவ்வளவு குளிக்கிற ஆள் நான் இல்லை என்பது உனக்கே தெரியும். அன்றைக்கு நீ, நைனா அந்த வீடியோல பேசறது நீதானே என்று கேட்டதும் லைன் கட்டானது டவர் கிடைக்காததால் இல்லை, நான்தான் கட் பண்ணினேன். பதில் சொல்ல வாய் வரவில்லை, எழுதினால் வருமோ என்று உட்கார்ந்திருக்கிறேன். பொன்னேரி நர்மதா லீவு முடிந்து உங்கள் ஆஸ்பத்திரிக்கே திரும்புகிறாள், அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உறையைப் பசை போட்டு ஒட்டித்தான் கொடுப்பேன். நர்மதா நல்ல பெண்தான், இருந்தாலும் ஒட்டித்தான் கொடுப்பேன்.

அம்மாவின் முட்டிவலி குறையவில்லை, மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை, வடகம் காயவைக்க உன் நைனாவை அனுப்பினால் காக்காய் கூட மதிக்காது என்கிறாள். பக்கத்து வீட்டு அருணாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளை அத்திப்பட்டில் கிரேன் ஓட்டுகிறான், பொறுமையான பையன். நர்மதா பெட்டியில் உனக்குக் கருவாடு வைக்க அம்மா பிடிவாதம் பிடித்தாள், அந்தப் பெண்ணின் துணியெல்லாம் நாறிப்போகும் என்று சண்டை போட்டு மாங்காய் ஊறுகாயோடு நிறுத்தினேன். சண்டை என்று எழுதினேனே தவிர இப்போதெல்லாம் அவள் என்னோடு சண்டைகூடப் போடுவதில்லை. தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள், அவ்வளவுதான் பேச்சு. கோபம் எனக்குப் பழக்கம், இந்த அமைதிதான் தாங்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைத்தால் இந்தத் தாள் முடிந்துவிடும். சிப்காட்டில் எங்கள் மில்லில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தியபோது நான் உன்னிடம், விடும்மா, இனிமே ரெஸ்ட் தான் என்று சிரித்தேன் அல்லவா, அது வெறும் சிரிப்பு. இத்தனை வருஷம் ஷிப்டுக்குப் போன எலக்ட்ரீசியன் காலையில் நாஷ்டா முடித்துவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் பைபாஸ் ஓரம் நின்றுகொண்டிருந்தேன். டீக்கடையில் காசை நீட்டும்போதெல்லாம் அது நீ அங்கே நோயாளிகளைத் தூக்கி உட்காரவைத்துச் சம்பாதித்தது என்று உறுத்தும். அப்போதுதான் சாம்சன், என்னோடு மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்தவன், போனில் அந்த பிட்காயின் மெஷினைக் காட்டினான். கரண்டு கொடுத்தால் போதும், இராத்திரி பகலாக அதுவே கணக்குப் போட்டுக் காயின் சேர்க்கும், நாம் விற்றுக்கொள்ளலாம் என்றான். கரண்டு என்றதும் எனக்குப் பிடித்துப்போனது, எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதானே. உன் காசில் சாப்பிடக் கூடாது என்கிற ரோஷத்தில், ஆஸ்பத்திரி அவசரத்துக்கென்று உன் கார்டோடு சேர்த்து என் பெயரில் நீ வாங்கித் தந்த கார்டையே எடுத்து அந்தக் கம்பெனிக்குப் பணம் கட்டினேன். நான் எப்படிப்பட்ட ரோஷக்காரன் என்று பார்த்துக்கொள். உன் போனுக்கு மெசேஜ் வந்து நீ கேட்டபோது இன்வர்ட்டர் வாங்கினேன் என்றேன், அது முதல் பொய். நல்லதாப் போச்சு நைனா, கரண்டு போனாலும் அம்மாவுக்கு ஃபேன் ஓடும் என்று நீ சந்தோஷப்பட்டாய், அந்தச் சந்தோஷம் இன்றுவரை என்னை விடவில்லை.

அடுத்த மாதம் வரும் என்றார்கள். உன் பழைய ரூமைக் காலி பண்ணி, த்ரீ பேஸ் லைன் இழுத்து, சூடு வெளியே போகச் சுவரில் ஓட்டை போட்டுப் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி, இரும்பு ஸ்டாண்டு வெல்டிங் பண்ணி வைத்தேன். மெஷின் வரவில்லை. கப்பல் கிளம்பிவிட்டது என்றார்கள், பிறகு கஸ்டம்ஸில் நிற்கிறது என்றார்கள், பிறகு இதைவிட நல்ல மாடல் வரப்போகிறது, பொறுங்கள் என்றார்கள். நானும் பைத்தியக்காரன் மாதிரி பைபாஸில் போகிற கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஏதோ ஒன்றில் என் பெட்டி இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. போன் பண்ணினால் ஒரு பெண் குரல், கன்பார்மா வந்துரும் சார் என்று தினமும் ஒரே மாதிரி சொல்லும்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். நம் சபையில் சாட்சி சொல்லும் வழக்கம் உனக்குத் தெரியும், கிடைத்த பிறகு சொல்வதைவிடக் கிடைக்குமுன் கிடைத்துவிட்டது என்று விசுவாசத்தோடு சொன்னால்தான் சபையாருக்கு உற்சாகம். ஆட்டோ ஜோசப் வண்டிக்கு எப்.சி. சர்டிபிகேட் வாங்குமுன்பே எப்.சி. வாங்கிவிட்டேன் என்று சாட்சி சொன்னான், வாங்கியும் விட்டான். ஸ்தோத்திர ஆராதனை அன்று பாஸ்டர் என்னைப் பார்த்து, பிரதர் சாலமோன், உங்கள் காரியம் என்ன ஆயிற்று என்று மைக்கை நீட்டினார். நான் எழுந்து, கர்த்தர் எனக்கு மெஷினைத் தந்துவிட்டார் என்றேன். அதோடு உட்கார்ந்திருந்தால் அது விசுவாசம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். ஆனால் வேலை போனதிலிருந்து என்னை யாரும் அப்படித் தலைநிமிர்ந்து பார்த்ததில்லை ஷைனி, பின் பெஞ்சு வரைக்கும் என்னையே பார்த்தார்கள், எனக்கு நிறுத்த மனசு வரவில்லை. மெஷின் எங்க ஊட்டாண்ட ஓடிக்கினு கீது, பச்ச லைட்டு எரியுது, ராத்திரி பகலா சத்தம் கேக்குது, அந்தச் சத்தம் எனக்குப் பாட்டு மாதிரி கீது என்று சொன்னேன். எந்த லைட்டு, எந்தச் சத்தம்? காலி ஸ்டாண்டில் அம்மா வெங்காயம் கொட்டி வைத்திருந்தாள். விசுவாசம் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது, மிச்சம் எல்லாம் பொய், அதை ஆண்டவருடைய வீட்டில் நின்று அவர் பெயரிலேயே சொன்னேன்.

அதை யாரோ போனில் எடுத்து சபை குரூப்பில் போட, சாம்சன் அதை கம்பெனியின் குரூப்பில் போட்டான். அவனைத் திட்டாதே, அவனும் பணம் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறான், என் மெஷின் நிஜமாகவே வந்துவிட்டது என்று நம்பித்தான் போட்டான். பிறகு இன்வர்ட்டர் குட்டு உடைந்து, மெஷினைப் பற்றி உன்னிடம் பாதி உண்மை சொன்னேன், நீ ஒரு வார்த்தை திட்டாமல் சரக்கு வரவில்லை என்று பேங்கில் டிஸ்ப்யூட் போட்டாய். பேங்க் பணத்தைத் தற்காலிகமாகத் திருப்பி வைத்தது. கம்பெனிக்காரன் என்ன செய்தான் தெரியுமா, வேறெதையும் தேடவில்லை, என் சாட்சியைத்தான் பேங்குக்கு அனுப்பினான். வாடிக்கையாளர் தன் வாயாலேயே மெஷின் ஓடுகிறது என்கிறார், தேதியும் இருக்கிறது, முகமும் இருக்கிறது. பேங்க் உன்னைப் பொய்க்காரி என்று நினைத்துப் பணத்தை மறுபடியும் உன் தலையில் ஏற்றிவிட்டது. நீ கேட்டிருக்கிற வீட்டு லோனுக்கும் அது முட்டுக்கட்டையாக நிற்கிறது என்று அம்மாவிடம் நீ அழுததையும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். பொய் சொன்னவன் நான், பெயர் கெட்டது உனக்கு.

இது மட்டும் என்றால்கூட நம் குடும்பத்தோடு போயிருக்கும். சுகிர்தாவை ஞாபகம் இருக்கிறதா, மில் கேன்டீனில் சமைக்கிறவள், புருஷன் தவறிப்போன பிறகு இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு தவிக்கிறவள். அவள் என் சாட்சியைக் கேட்டுவிட்டுத் தாலிச் சங்கிலியை அடகு வைத்து அதே கம்பெனிக்குப் பணம் அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு கார்டு இல்லை, நேராக கம்பெனி அக்கவுண்டில் போட்டுவிட்டாள், அதனால் உன்னைப்போல டிஸ்ப்யூட் போட அவளுக்கு வழி இல்லை, போலீஸ்தான் வழி. இது தெரிந்த நாளிலிருந்து கேன்டீன் இருக்கும் தெருவை விட்டு சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன், அவ்வளவு தைரியசாலி உன் நைனா.

போன வாரம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பேங்குக்குப் போனேன். அங்கிருந்த ஆபீசர் அம்மா நல்ல மாதிரி, முகம் சுளிக்காமல் கேட்டார்கள். கார்டின் சொந்தக்காரரான நீ எழுதிக் கொடுத்தால் டிஸ்ப்யூட்டை மறுபடியும் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அந்த வீடியோ ஏன் உண்மையில்லை என்பதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும் என்றார்கள். ஆதாரத்துக்கு எங்கே போவது என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன், யோசிக்க ஒன்றுமில்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் நானே கையைத் தூக்கி மைக்கைக் கேட்டு வாங்கினேன். ஜோசப்பிடம் என் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னேன். மெஷின் வரவேயில்லை, அன்று நான் சொன்னது பொய் என்றேன். பாஸ்டர் பாவம், என்னைக் காப்பாற்றப் பார்த்தார், பிரதர் விசுவாசத்தில் சொன்னார், கர்த்தருடைய வேளைக்குக் காத்திருக்கிறார் என்று எடுத்துக் கொடுத்தார். இல்ல பாஸ்டர், நான் புளுகினேன் என்றேன். கீபோர்டு வாசிக்கிற பையன் தெரியாமல் ஒரு கட்டையைத் தட்டிவிட்டான். வெளியே செருப்பு மாட்டும்போது சுகிர்தா வந்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன், தூற்றியிருந்தால் தேவலை. சத்தம் கேக்குதுன்னு சொன்னீங்களேண்ணா என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, தப்புதாம்மா, கம்ப்ளைன்ட் கொடுக்க நானும் கூட வரேன், சாட்சிக் கையெழுத்து நான் போடறேன் என்றேன். அடகுச் சீட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தாள். செவ்வாய்க்கிழமை திருவள்ளூர் சைபர் கிரைம் போலீசுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அந்த வீடியோவை உன் வாட்சப்புக்கு அனுப்பியிருக்கிறேன், பேங்குக்குக் கொடு. அதோடு நீ ஒரு கடிதமும் எழுத வேண்டும். உன்னை எனக்குத் தெரியும், தவறான புரிதல் ஏற்பட்டது, மத நம்பிக்கை காரணமாக, வயதானவர் என்றெல்லாம் மெத்தை போட்டுத்தான் எழுதுவாய். அப்படி எழுதினால் கம்பெனிக்காரன் மறுபடியும் அதில் நுழைந்துகொள்வான். என் அப்பா சாலமோன் சபையில் பொய் சொன்னார் என்று நேராக எழுது. மகள் கையால் அப்படி எழுதவைக்கிற நிலைமை எந்தத் தகப்பனுக்கும் வர வேண்டாம், எனக்கு வந்துவிட்டது. நீ வாங்கித் தந்த கார்டை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், இரண்டாக வெட்டித்தான் வைத்திருக்கிறேன். அடுத்த வாரத்திலிருந்து அருணா அப்பா வேலை செய்கிற குடோனில் வயரிங் வேலைக்குப் போகிறேன், கூலி வேலைதான், ஆனாலும் நாஷ்டா முடித்துப் போக ஒரு இடம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நைட் டூட்டி முடிந்து வெயிலில் நடக்காதே, வண்டிக்குக் கொடுக்கிற காசில் கஞ்சத்தனம் பார்க்காதே. ஊறுகாய் பாட்டிலில் ஈரக் கரண்டி போடாதே. பேங்குக்கு எழுத வேண்டிய கடைசித் தேதியை அந்த ஆபீசர் அம்மா துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்கள், அதையும் உள்ளே வைத்திருக்கிறேன், தள்ளிப் போடாதே. என்னோடு பேச வேண்டும் என்று இல்லை, கோபம் தீருகிற வரைக்கும் அம்மாவோடேயே பேசு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கையால் தொடுகிற நோயாளிகள் எல்லாரும் பிழைக்கட்டும்.

இவ்வளவும் எழுதி முடித்து, உனக்கு அனுப்புமுன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். திட்டட்டும் என்றுதான் படித்தேன். சுகிர்தா இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். அடகுக்கடைக்குப் போவதற்கு முந்தின நாள் சுகிர்தா மெஷினைப் பார்க்க நம் வீட்டுக்கு வந்தாளாம், நான் இல்லை. அவ ரூமத் தொறந்து காட்டுன்னு கேட்டா, தொறந்தா சூடு வெளிய வந்துரும், அவரு திட்டிக்கினே இருப்பாருன்னு நான்தான் அனுப்பிட்டேன், உள்ள வெங்காயந்தான் கீதுன்னு எனக்குத் தெரியும், உன் மானம் போவக் கூடாதுன்னு சொன்னேன் என்று சொல்லி அழுதாள். அவள் பேசாமல் இருந்தது என் மேல் கோபத்தால் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை அவளும் எங்களோடு வருகிறாள். பேங்குக்கு எழுதும்போது அப்பா என்று மட்டும் எழுத வேண்டாமாம், அப்பாவும் அம்மாவும் என்று எழுதச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் நைனா சாலமோன்,
உன் அம்மா ஞானம்மா (அவளே போட்ட கையெழுத்து)