ஈர விரல் பட்ட கையெழுத்து

உன்னிடம் ஏன் பொய் சொன்னேன்? பயத்திலா, அந்தக் கடிதத்தின் மேல் இருந்த ஆசையிலா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகுதான் எழுதுவது என்றால் இந்த மடலை எழுதவே முடியாது.

இன்று அலமாரியைத் துடைக்கும்போது உங்கள் வீட்டுக் கடிதம் கைக்கு வந்தது. உறையைத் திறந்ததும் உங்கள் தகரப்பெட்டியின் பாச்சை உருண்டை வாசனை அடித்தது. மூன்று வருடம் என்னிடம் இருந்தும் அந்த வாசனை போகவில்லை.

உலகப் போர்க் காலத்தில் கத்தோலிக்க ஆயர்கள் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதங்களை நான் சேர்ப்பது உனக்கு வேடிக்கை. "பூசைக்கு வரமாட்ட, முட்டி போடமாட்ட, ஆயர் கையெழுத்து மட்டும் வேணுமா உனக்கு?" என்று கல்லூரி விடுதியில் கேட்ட அதே குரலில் கேட்பாய். போர் நடக்கும்போது கடவுளின் ஆட்கள் எதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டார்கள் என்று பார்க்கத்தான் சேர்த்தேன். உங்கள் வீட்டில் இருந்தது போல ஒன்று வேறெங்கும் கிடைக்கவில்லை. போருக்கு உப்பு தேவைப்படுவதால் மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்பவர்கள் ஞாயிறு பூசை கண்டபின் உப்பு வாரலாம், அது பாவமாகாது என்று அந்நாளைய மேற்றிராணியார், அதாவது ஆயர், உன் தாத்தாவுக்கு எழுதியது. சாமியார் வராத ஞாயிறுகளில் ஊருக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை அளத்துக்குக் கிளம்பும் உன் அண்ணனை யாராவது கேட்டால், "எங்களுக்கு ஆண்டவரே பர்மிஷன் குடுத்திருக்காரு, போய்யா" என்பார்.

நீ அதை ஒரு வாரத்துக்குக் கொடுத்தாய். பல ஆயர்கள் கையெழுத்தை ரப்பர் முத்திரையாகக் குத்தியிருப்பார்கள். இதுவும் அப்படியோ என்று எனக்குச் சந்தேகம். முத்திரையின் எண்ணெய் மை ஈரத்தில் கலையாது, பேனா மை கலையும். விரல் நுனியை நாக்கில் தொட்டு, கையெழுத்தின் வாலில் வைத்தேன். ஊதா மை ஊறிப் பரவி, பாதிப் பெயரைத் தின்றுவிட்டது. உண்மையான கையெழுத்துதான்.

போனில் உன்னிடம், "கையெழுத்து கலங்கியிருக்கு, கவனிச்சியா? ஈரம் பட்டிருக்கும்போல" என்றேன்.

"போன மழைல பெட்டிக்குள்ள ஒழுகிச்சுடி. நான்தான் எடுத்து மேல வைக்கல."

என்னிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. "இங்க இருந்தா இன்னும் கெட்டுப்போவும், உங்கிட்டயே இருக்கட்டும்" என்றும் சொன்னாய். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன் அண்ணன் எல்லார் எதிரிலும், "ஒரு காயிதத்தப் பாத்துக்கத் துப்பில்ல உனக்கு" என்று கத்தியதையும், மூன்று மாதம் உன்னோடு பேசாமல் இருந்ததையும் பிறகு சிரித்தபடி சொன்னாய். நானும் சிரித்தேன்.

போன மழைக்காலத்தில், பத்து நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். கல்லறையில் உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு காயிதத்துக்காவ இவள என்னெல்லாம் திட்டினேன்மா" என்று அழுதார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

நாளை கடிதத்தோடு அவரிடம் போகிறேன்.

*

நேற்று அதுவரை எழுதியிருந்தேன். இன்று நடந்தது இது.

அண்ணன் உப்புப் பாத்தி வரப்பில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை வாங்கி அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது உசுரோட இருக்கச்சொல்லவே சொல்லியிருக்கலாமேம்மா."

"ஆமாண்ணா."

திட்டவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போய் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். "இப்ப சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க. தங்கச்சி மேல தப்பில்லன்னு எங்க வூட்டுப் பசங்களுக்குத் தெரியணும். இதோட சேத்து வெக்கிறேன்."

எழுதினேன். அண்ணி வாங்கி உரக்கப் படித்தார். பாதியில் அண்ணன் நிறுத்தினார்.

"'தவறுதலாக விரல் பட்டு'ன்னு இருக்குதே. தவறுதலாவா பட்டுது?"

"இல்லண்ணா."

"அப்ப அத அடிங்க."

அடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன். அண்ணி இரண்டையும் ஒன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தார். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நடந்தேன்.