ரோஸ் கலர் சிலிண்டர்கள்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே காஸ் யார்டில் ஒரு சண்டை. புதிதாக வந்திருக்கும் டிரைவர், திரும்பி வந்த காலி சிலிண்டர்களை விறகுக்கட்டை மாதிரி லாரிக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். "காலிதானே சார்!" என்றார். முழுசாகக் காலியான சிலிண்டரை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. கொஞ்சம் காஸ் உள்ளே உட்கார்ந்துகொண்டேதான் இருக்கும். எல்லாவற்றையும் நிமிர்த்தி, வால்வு மேல் கேப் மாட்டி, சங்கிலி போட்டு அனுப்புவதற்குள் என் டீ ஆறிவிட்டது. டிரைவர் கேட்டில் என்னைப் பற்றி என்ன சொன்னாரோ, வாட்ச்மேன் விழுந்து விழுந்து சிரித்தார்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் சிலிண்டர்தான்.

மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், ஆபீஸ் வேலையை உதறிவிட்டு பலூன் அலங்காரம் ஆரம்பித்திருக்கிறான். அடுத்த திங்கட்கிழமை என் மகளின் பள்ளியில் ஆண்டு விழா. மேடை முழுக்கப் பலூன் மிதக்க வேண்டும். அவனுக்கு இதுதான் முதல் பெரிய ஆர்டர். நன்றாக அமைந்தால் பள்ளியின் எல்லா விழாவும் அவனுக்கே. சொதப்பினால் பழைய மேனேஜரிடம் போய்ப் பல்லைக் காட்ட வேண்டியதுதான்.

"தம்பிக்கு ஹீலியம் எடுத்து வைங்க" என்றாள் மனைவி.

"சரக்கே இல்லம்மா. கப்பல் வரலை. அடுத்த வாரம்தான்."

"நீங்கதானே அங்க எல்லாம்?"

நான் அங்கே லோடு ஏற்றி அனுப்புகிறவன். கப்பலையும் நானே ஓட்டுவதாக இவள் வீட்டில் ஒரு நம்பிக்கை.

மார்ச் 5, வியாழன்

கப்பல் வரவில்லை. மச்சான் போனில் ரொம்ப உற்சாகமாக இருந்தான். "வேற எடத்துல ஏற்பாடு பண்ணிட்டேன் அத்தான், கவலைய விடுங்க!" எந்த இடம் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

மார்ச் 7, சனி

எழுதினால் கோபம் அடங்குமா பார்க்கிறேன்.

மதியம் விழா ஒத்திகை முடிந்து மகளை மச்சான் காரில் கொண்டுவந்து விட்டான். கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசி போட்டு, பாட்டு அலறிக்கொண்டு வந்து நின்றது கார். மகள் கொட்டாவி விட்டுக்கொண்டே இறங்கினாள். அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பாதி சீட்டை மடித்துவிட்டு, டிக்கியிலிருந்து உள்ளே வரைக்கும் மூன்று சிலிண்டர் படுத்திருந்தது. கட்டு இல்லை, கேப் இல்லை. மூன்றும் ரோஸ் கலர்! பளபளவென்று, குழந்தையின் தொட்டில் மாதிரி ரோஸ் கலர்.

"எப்படி அத்தான்? நானே அடிச்சேன் பெயின்ட். அந்தப் பழுப்பு கலர் மேடைக்குப் பக்கத்துல பார்க்கவே சகிக்கலை."

"கேப் எங்கடா?"

"அது மாட்டினா டிக்கி மூடலை. ஒண்ணை மேஜை மேல பேனா ஸ்டாண்டா வச்சிருக்கேன். சூப்பரா இருக்கு!"

எனக்கு மகளின் கொட்டாவிதான் கண்ணுக்குள் நின்றது. காலையிலிருந்து ஆடியிருக்கிறாள், களைப்புதான், தெரியும். ஆனால் மூடின காருக்குள் ஹீலியம் கசிந்தால் புகையும் வராது, வாசனையும் வராது. காற்று இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அவனுக்கும்தான் வந்திருக்கும், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே! ஒரு திடீர் பிரேக் போட்டு வால்வு உடைந்திருந்தால் — வேண்டாம்.

கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

அப்புறம்தான் பெரிய கேள்வி வந்தது. "இதுல எங்க யார்டு சிலிண்டர் எது?"

"ரெண்டு உங்களுது, இன்னொரு அலங்காரக்காரர்கிட்ட இரவல் வாங்கினேன். ஒண்ணு புது ஆளுகிட்ட வாங்கினது. ரொம்ப மலிவு."

"எது அந்த ஒண்ணு?"

மூன்றையும் மாறி மாறிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "எல்லாம் ஒரே காஸ்தானே அத்தான்?"

எங்கள் வேலையில் நிறம் அழகுக்கு இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்வது அதுதான். இவன் மூன்று சிலிண்டருக்கும் ஒரே முகமூடி மாட்டிவிட்டான். மலிவாகத் தருகிறவர்களில் சிலர் பலூனுக்கு ஹைட்ரஜனை அடைத்துக் கொடுப்பார்கள். அதுவும் மேலே போகும். பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி இருந்தால் போதும், அப்புறம் அதுவே விழாவை நடத்திக்கொள்ளும். மேடையில் குத்துவிளக்கு இல்லை, ஆனால் மெழுகுவர்த்தி நடனம் உண்டு. ஆடுகிறவர்களில் ஒருத்தி என் மகள்.

யார்டுக்கு போன் போட்டு திறந்த லாரியை வரவழைத்தேன். மூன்றையும் நிமிர்த்தி ஏற்றி, கொண்டுபோய்த் தனியாக நிறுத்தியாயிற்று. லேபில் சோதித்துச் சொல்லும்வரை யாரும் தொடக் கூடாது. லேபிலிருந்து பதில் வர வெள்ளிக்கிழமை ஆகும். விழா திங்கட்கிழமை.

மச்சான் காரைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனான். கத்தியிருந்தால் தேவலை.

மார்ச் 8, ஞாயிறு

மனைவி என்னோடு பேசவில்லை. மகள் வழியாகத் தூது வருகிறது. "அப்பா, சாப்பாடு மேஜை மேல இருக்காம்."

கடைசியில் அவளே வெடித்தாள். "வாழ்க்கையில முதல் தடவையா அவன் ஒரு வேலையை ஆசையாப் பண்றான். உங்க கையாலயே கெடுத்துட்டீங்க. உங்களுக்கு என்னைக் கட்டி வச்சதுக்குப் பதிலா ஒரு சிலிண்டரைக் கட்டி வச்சிருக்கலாம்!"

'சங்கிலி போட்டு' என்று வாய் வரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

ஆனால் உறுத்துகிறதே. அளவுக்கு மீறிப் போய்விட்டேனா? வால்வின் மரையைப் பார்த்தேன், காஸுக்குக் காஸ் மரை வேறு, மூன்றும் ஹீலியத்துக்கு உரிய மரைதான். விட்டிருக்கலாமோ? ஆனால் அந்த ஆள் எந்தச் சிலிண்டரில் எதை அடைத்தான் என்று மரை எப்படிச் சொல்லும்? விட்டுவிட்டு, மேடையில் அவள் ஆடும்போது நான் எப்படி உட்கார்ந்து பார்த்திருப்பேன்? முடியாது. முடியவே முடியாது. திட்டட்டும்.

சாயங்காலம் மனசு கேட்காமல் மச்சான் வீட்டுக்குப் போனேன். மாமியார் கதவைத் திறந்தார். மச்சான் ஊதாத பலூன் பாக்கெட்டுகளுக்கு நடுவில், கப்பல் கவிழ்ந்தவன் மாதிரி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். மேஜை மேல் எங்கள் கேப், தங்க நிறப் பெயின்டில், நாலு பேனாவோடு.

மாமியார் டீயை வைத்துவிட்டு, "ஏன் மாப்பிள்ளை, பலூன் கீழேர்ந்து மேல போனாத்தான் பலூனா? மேலேர்ந்து நூல்ல தொங்கவிட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

மச்சான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். முறைப்புதான், ஆனாலும் பார்த்தானே.

மார்ச் 9, திங்கள்

லீவு போட்டேன். பள்ளி ஹாலில் காலையிலிருந்து கைப்பம்பு அடித்தோம் — நான், மச்சான், மனைவி, மாமியார். பம்பு இரண்டுதான், மற்றவர்களுக்கு வாய். என் கன்னம் இரண்டும் இன்னும் என்னுடையது மாதிரி இல்லை. ஏணியில் ஏறிக் கூரைக் கம்பியில் மெல்லிய நூல் கட்டினோம். ஒரு பலூன் வெடித்தது, மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். உடனே கோபம் நினைவுக்கு வந்து விட்டுவிட்டாள்.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் நூல் கண்ணில் படவில்லை. மேடைக்கு மேலே நூற்றுக்கணக்கில் பலூன்கள் அந்தரத்தில் நின்றன. அதற்குக் கீழே மெழுகுவர்த்தியோடு மகள் ஆடினாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து நிம்மதியாகப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பலூன் ஊதின களைப்பு என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிவைத்தேன்.

தலைமை ஆசிரியை மச்சானிடம், "ஆடாம அசையாம ஒரே எடத்துல எப்படி நிக்க வச்சீங்க?" என்று கேட்டார். "அது தொழில் ரகசியம் மேடம்" என்றான் அந்தப் பயல். அடுத்த விழாவும் அவனுக்குத்தான்.

ஆனால் என்னிடம் இன்னும் பேசவில்லை.

மார்ச் 13, வெள்ளி

பதில் வந்துவிட்டது. இரண்டில் சுத்தமான ஹீலியம், அவை எங்களுடையவை. மூன்றாவதில் ஹைட்ரஜன் இல்லை. ஹீலியமும் பெயருக்குத்தான், முக்கால்வாசி வெறும் காற்று!

போன் போட்டுச் சொன்னேன். ஹைட்ரஜன் இல்லை என்றதும் "பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று குதித்தான். எனக்கு முகம் சுருங்கித்தான் போனது. மீதியையும் சொன்னேன்.

குதிப்பு நின்றது.

"அப்போ... மேல போயிருக்காதா அத்தான்?"

"தரையில கெடந்திருக்கும்."

"அத்தனை பேர் முன்னாடி?"

"தலைமை ஆசிரியை முன்னாடி."

"ஐயோ" என்றான். நெஞ்சின் அடியாழத்திலிருந்து வந்த ஐயோ. வால்வு உடையும், மூச்சு முட்டும், தீப்பிடிக்கும் என்று தெருவே கேட்கக் கத்தினேனே, அதற்கெல்லாம் அசையாதவன், பலூன் தரையில் கிடந்திருக்கும் என்றதும் ஆடிப்போய்விட்டான். சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு. அவனும் சிரித்தான். பேசிவிட்டோம்!

சிரித்து முடித்து வைக்கிறபோது தயங்கித் தயங்கிக் கேட்டான். "அன்னைக்கு கார்ல... நிஜமாவே அவளுக்கு ஏதாவது ஆகியிருக்குமா?"

"ஆகியிருக்கலாம்" என்றேன்.

மார்ச் 17, செவ்வாய்

கப்பல் வந்துவிட்டது. ரோஸ் கலரைச் சுரண்டும் செலவு மச்சான் தலையில். பார்க்க வந்த டிரைவர், "கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்துச்சே சார்" என்று வருத்தப்பட்டார்.

ஏப்ரல் 4, சனி

காலையில் யார்டு வாசலில் ஒரே ஹாரன் சத்தம். மச்சான் வாடகைக்கு எடுத்த திறந்த வண்டியை கேட்டின் குறுக்கே நிறுத்திவிட்டு நகர மாட்டேன் என்கிறான். ஏற்றின நாலில் ஒரு சிலிண்டருக்குக் கேப் இல்லையாம். "கிளம்பு, பக்கத்துலதானே போற" என்று டிரைவர்கள் கத்துகிறார்கள். இவன் வண்டியை ஓரங்கட்டி, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், தங்க நிறக் கேப்பைக் கொண்டுவந்து மாட்டினான். பேனாவெல்லாம் சட்டைப் பையில். நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வெளியே போகவில்லை.

மதியம் மகள் நடன வகுப்பிலிருந்து வியர்த்து விறுவிறுத்து வந்தாள். பையைத் தூக்கி எறிந்தாள்.

"மாமா ரொம்ப மோசம்! வகுப்பு வாசல்ல பார்த்தேன். முன் சீட்டு காலியாத்தான் இருந்தது. ஏத்திக்கோங்கன்னு எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? சரக்கு இருக்கு, நீ பஸ்ல போன்னுட்டார். நின்னுக்கிட்டே வந்தேன்!"

"தனியாவா விட்டான்?" என்றாள் மனைவி.

"பஸ் பின்னாடியே வந்தார். மெதுவா உருட்டிக்கிட்டு, எல்லா ஸ்டாப்லயும் நின்னு நின்னு. நான் இறங்கினதும் கை காட்டிட்டுத் திரும்பிப் போயிட்டார்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சத்தியமாக அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மகளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

சமையலறையில் அவள் தம்பிக்கு போன் போடுவது கேட்டது. "சாப்பிட வந்துடுடா. சரக்கை இறக்கி வச்சிட்டு வா."