எங்குட்டு பாத்து நின்னீக?

டீச்சர்,

இன்று விடைத்தாள் திருத்தும்போது தனியாகச் சிரித்துவிட்டேன். லாக்டிக் அமில மூலக்கூறை வரையச் சொன்ன கேள்வி. ஒருத்தி ஓரத்தில் பென்சிலால் குட்டியாக ஒரு பொம்பளையை வரைந்திருக்கிறாள். தலை மேலே, ஒரு கை பக்கவாட்டில், இன்னொரு கை முன்னால், ஒரு கால் பின்னால். சேலைகூடக் கட்டிவிட்டிருக்கிறாள். அது நீங்கள்தான். உங்களை அவள் பார்த்ததே இல்லை.

நாம் இருவரும் இந்தக் காரைக்குடிப் பள்ளியில் ஒரே வருடம் வேதியியலுக்குச் சேர்ந்தவர்கள். எனக்குப் படம் சுட்டுப் போட்டாலும் வராது. தாள் தட்டை, மூலக்கூறு தட்டையில்லையே என்று புலம்பினேன். நீங்கள் ஆசிரியர் அறையிலேயே எழுந்து அப்படி நின்று காட்டினீர்கள். பார்ப்பவரை நோக்கி வரும் கை தாளில் ஆப்பு மாதிரி தடித்த கோடு, விலகிப் போகும் கால் புள்ளிக்கோடு, மற்ற இரண்டும் சாதாரணக் கோடு. அவ்வளவுதான் என்றீர்கள்.

மறுநாள் வகுப்பில் நானும் நின்றேன். இடம் வலம் குழம்பக் கூடாதென்று, பெரிய புத்திசாலி மாதிரி, கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். முன்னால் நீளும் கை ஆப்பு என்றேன். தேர்வில் வகுப்பே ஆப்பையும் புள்ளிக்கோட்டையும் மாற்றிப் போட்டிருந்தது. அத்தனை பேருக்கும் அந்தக் கேள்விக்குச் சுழியம் போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டு, இந்தப் பிள்ளைகள் உருப்படாது என்று உங்களிடம் வந்து பொரிந்து தள்ளினேன்.

டீயைக் கீழே வைத்தீர்கள். "டீச்சர், நீங்க எங்குட்டு பாத்து நின்னீக?"

கரும்பலகையைப் பார்த்து என்றதும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்கு முகம் செத்துப்போனது. பிள்ளைகளை நோக்கி வரவேண்டிய கையைச் சுவருக்கு நீட்டியிருக்கிறேன். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, தப்பு என்னுடையது என்றால் இனி எவள் என்னை மதிப்பாள்? மார்க்கை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"மார்க்கு கெடக்கட்டும். அதுக நாமதான் மக்குன்னு நெனச்சு உக்காந்திருக்குக. போய்ச் சொல்லுங்க. நான் வகுப்புப் பின்வாசல்ல நிக்கிறேன்."

வகுப்புக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். யாரும் ஏளனம் செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் வகுப்பே எழுந்து, முன்னால் நிற்பவள் முதுகில் கையை இடித்துக்கொண்டு, மூலக்கூறாக நின்றது. பின்வாசலில் நீங்களும் ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றீர்கள்.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு ஆடி கடந்துவிட்டது. அந்தப் பாடத்தை ஒவ்வொரு வருடமும் என் தப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். சிரித்துத் தீர்க்கிறார்கள், பிறகு ஒழுங்காக வரைகிறார்கள். பிள்ளைகளைப் பார்த்து நின்றுதான் கையை நீட்டுகிறேன். அது நேராக அந்தப் பின்வாசலுக்குத்தான் போகிறது, டீச்சர்.