விட்டுக்கொடுக்காத இரண்டு இழைகள்

பயண நாள் 61. காலை 07:10

சரக்குக் கப்பல் 'உப்பளம்'. செரஸ் குறுங்கோளிலிருந்து செவ்வாய்க்கு. சரக்கு: பனிக்கட்டி, கழுவிய உப்பு. ஆள்: இரண்டு. காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி.

நான் சொரிமுத்து, கப்பலின் சொந்தக்காரன். தூத்துக்குடியில் உப்பு மூட்டை தூக்கித் தொழிலுக்கு வந்தவன். என் மனைவி உலகம்மை கப்பலின் பொறியாளர். இதைக் கண்டெடுப்பவருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: படிப்பு அவளுடையது. எனக்கு விளங்கிய விதத்தில்தான் எழுதுவேன்.

அவள் இப்போது பின்னறையில், எஞ்சின் பக்கம், கப்பலின் இன்டர்பிரட்டரைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். கட்டளைகளை வரிவரியாகப் படித்து அப்போதைக்கப்போது செய்துமுடிக்கிற நிரல் அது. அதற்குள் வேலைக்கு ஒன்றாகத் தனித்தனிக் கிளைகள் ஓடும், இழை என்பாள்: காற்றுக்கு ஓர் இழை, கதவுக்கு ஓர் இழை, வெப்பத்துக்கு ஒன்று, ரேடாருக்கு ஒன்று. ஆனால் மொத்தக் கப்பலுக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி. சாவி எந்த இழையின் கையில் இருக்கிறதோ அதுதான் ஓடும். மற்றதெல்லாம் ரேஷன் கடை வரிசை. போன வாரம் ரேடார் ஒரு கல்லைப் பார்த்துவிட்டது. சொல்வதற்கு முறை வரவில்லை. வெப்ப இழை நிதானமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கல் எங்களை உரசாத குறையாகப் போயிற்று.

அன்றைக்கே உலகம்மை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

பயண நாள் 63. மாலை 16:40

புது ஏற்பாடு பாதி முடிந்தது. இனி ஒவ்வோர் இழையும் தனக்கென்று ஒரு செயலிச் சில்லில் தனியாக ஓடும். பெரிய பூட்டு ஒழிந்தது. வால்வுக்கு ஒரு பூட்டு, கதவுக்கு ஒரு பூட்டு என்று சின்னச் சின்னதாக வைத்திருக்கிறாள். ஒரு இடத்தில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம். இன்டர்காம் பதிவை அப்படியே எழுதுகிறேன்.

"ஏங்க, ஒரு இழைக்கு ரெண்டு சாவி வேணும்னு வைங்க. ஒண்ணு கையில இருக்கு, இன்னொண்ணை வேற எவனோ வச்சிருக்கான். அப்ப என்ன செய்ய?"

"இருக்கதைக் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டு நிக்கணும். ஆட்டுச் சந்தையில துண்டுக்கடியில விரலைப் பிடிச்சா, வெல படியாம எவனாவது கையை எடுப்பானா?"

"உங்க சந்தை புத்தியை இதுக்குள்ள கொண்டாராதிய. கையில இருக்கதை விட்டுட்டு முதல்ல இருந்து வான்னுதான் நான் எழுதுவேன்."

அவள் வழியில் ஓட்டிப் பார்த்தோம். பந்தியில் 'நீங்க உக்காருங்க', 'இல்ல, நீங்க' என்று நின்றுகொண்டே இருக்கிற சம்பந்திகள் மாதிரி இழைகள் மாறி மாறி விட்டுக்கொடுத்தன. வால்வு படபடவென்று அடித்துக்கொண்டது, வேலை நடக்கவில்லை. பிறகு என் வழியில் ஓட்டினோம். கப்பல் வெண்ணெயாக ஓடியது.

"சரி யாவாரி, ஜெயிச்சிட்டிய. இவ்வளவு நேரத்துக்கு மேல ஒருத்தனும் காத்து நிக்கக்கூடாதுன்னு ஒரு கெடு மட்டும் வைக்கணும். துறைமுகம் போய் எழுதிக்கிடுதேன்."

எனக்குப் பெருமை. மறைப்பானேன்.

பயண நாள் 66. காலை 11:25

கல் அடித்தது. நடுப்பாதை கிழிந்து, அங்கே காற்றே இல்லை. பின்னறையிலும் மெல்லிய கசிவு. உலகம்மை உள்ளே இருக்கிறாள். அடி இல்லை.

கதவு இழை கதவின் சாவியை எடுத்துக்கொண்டு, அழுத்தம் சமமாக்க வால்வின் சாவிக்கு நிற்கிறது. காற்று இழை வால்வின் சாவியை எடுத்துக்கொண்டு, கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கக் கதவின் சாவிக்கு நிற்கிறது. இரண்டும் விடவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே நிற்கின்றன.

வால்வு மூடிக் கிடக்கிறது. புதுக் காற்று எந்த அறைக்கும் வரவில்லை. விண்வெளி உடுப்பு இரண்டும் இங்கே முன்னறையில் தொங்குகின்றன. பின்னறைக்கு வெளிவாசல் இல்லை. கிழிந்த நடுப்பாதையைத் தாண்டி அவளிடம் போக, அழுத்தம் சமமாக்குகிற நடு அறை ஒன்றுதான் வழி. அதன் கதவுதான் அந்தக் கதவு.

கடப்பாரையால் நெம்பினேன். கடப்பாரை வளைந்தது.

பயண நாள் 66. பகல் 12:50

செவ்வாய்த் துறைமுகத்தில் இன்று பணியில் இருப்பது சந்தனமேரி. எங்கள் ஊர்ப்பெண். அவள் குரல் வந்து சேரவே சில நிமிடம் ஆகிறது.

"அண்ணாச்சி, பதறாதிய. ஒரு இழையைக் கொன்னுருங்கன்னு இங்க பொறியாளர் சொல்லுதாரு. செத்தவன் கையில இருந்து சாவி விழும், மத்தவன் எடுத்துக்கிடுவான்."

கதவு இழையைக் கொன்றேன். உலகம்மை இன்டர்காமில் கத்தியது அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.

"கொல்லாதிய! இது பழைய இன்டர்பிரட்டர் இல்ல. தனி இழை செத்தா சாவியைக் கையில வச்சிக்கிட்டேதான் சாகும். இனி அது யாருக்கும் கெடைக்காது."

காற்று இழை இன்னும் நிற்கிறது. செத்தவனிடம் சாவி கேட்டுக்கொண்டு.

முழு இன்டர்பிரட்டரையும் அணைத்துப் போட்டால் எல்லாப் பூட்டும் புதிதாகும். ஆனால் இந்த வகைக் கப்பலில், அணைத்துப் போட்டதும் தீப் பயத்துக்காக எஞ்சின் அறைக் காற்று முழுவதும் வெளியே திறந்துவிடப்படும். அது இழை செய்கிற வேலை இல்லை, இரும்பிலேயே அமைத்திருக்கிறார்கள். எஞ்சின் அறை என்றால் பின்னறை.

அணைக்கிற கைப்பிடி இங்கே ஒன்று, அவளிடம் ஒன்று. என்னுடையதன்மேல் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டேன். அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப ரெண்டு பேரும் சேந்து சாவமாக்கும்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

பயண நாள் 66. பகல் 14:05

வழி கிடைத்துவிட்டது. உலகம்மை ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல நான் இங்கே தட்டுகிறேன். முடித்ததும் காற்று இழை புது வரியைப் படித்து வழிவிடும், செத்த இழைக்குப் பதில் புதிது ஒன்று எழும் என்கிறாள். மூச்சு வாங்குகிறது அவளுக்கு. ஆனாலும் வாய் ஓயவில்லை.

"எல்லா இழையும் ஒரே வரிசையிலதான் சாவி எடுக்கணும். முதல்ல வால்வு, அப்புறம் கதவு. மாத்தி எடுக்கப்படாது. தட்டுனியளா?"

"தட்டிட்டேன்."

"கெடு முடிஞ்சா கையில இருக்கதை விட்டுரணும். அடுத்த வரி. என்ன சத்தம் அது? அழுதியளா?"

"இல்ல."

"அழுவாதிய. யாவாரி அழுதா சரக்கு வெல எறங்கிரும். கடைசி வரியைப் படிங்க, ஒரு எழுத்து தப்புனாலும் ஏறாது."

படித்தேன். சரி என்றாள். முடிந்தது, உலகு, இனி என்ன செய்ய என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாண்டாம். அப்படியே உக்காந்திருங்க. மத்தியானம் ஒண்ணும் சாப்பிடலயே நீங்க?"

இல்லை என்றேன். விளக்கு எல்லாம் அணைந்தது.

பயண நாள் 66. 14:31

இன்டர்பிரட்டர் எழுந்தது. எல்லா இழையும் ஓடுகின்றன. காற்று வருகிறது. வால்வு, பிறகு கதவு. ஒழுங்காக.

ஓடிக்கொண்டிருக்கிற இழை புது வரியைப் படிக்காது. அணைந்து எழுந்தால்தான் படிக்கும். அவளுக்குத் தெரியும். அது எழுந்த பிறகு இழைகள் மறுபடி சிக்கிக்கொள்ளக்கூடாது என்று என் கையாலேயே தட்டவைத்திருக்கிறாள்.

நாற்பது வருஷச் சந்தையில் எவனும் என்னை ஏமாற்றியதில்லை.

பயண நாள் 66. 15:20

போனேன். நடு அறைக் கதவு ஒரே தொடலில் திறந்தது. அங்கே பார்த்ததை எழுதமாட்டேன். கைப்பிடியிலிருந்து அவள் விரல்களை எடுக்க நேரமாயிற்று. போர்வை போட்டேன். கசிவை அடைத்தேன்.

விளக்கை அணைக்கவில்லை. இருட்டில் அவளுக்குத் தூக்கம் வராது.

பயண நாள் 67. காலை 08:00

காற்றைப் பங்கிடக் கப்பல் ஆள் எண்ணிக்கை கேட்கிறது. போட்டேன். சற்று முன் இது வந்தது.

"அண்ணாச்சி, மேரி பேசுதேன். உங்க கப்பல் கணக்கு இங்க தெரியுது. ஆள் ஒண்ணுன்னு மாத்திப் போடுங்க. அந்த அறைக்கும் சேத்துக் காத்து ஓடுனா, இங்க வந்து சேருத வரைக்கும் உங்களுக்குப் பத்தாது. கேக்குதா, அண்ணாச்சி? ஒண்ணு. உங்களைக் கும்புட்டுக் கேக்கேன்."

கேட்டது.

08:20

பின்னறை வெப்பம் சரி. பின்னறைக் காற்று சரி.

திரையில்: பின்னறையில் அசைவு இல்லை. உறுதிசெய்யவும். ஆள் எத்தனை?

இரண்டு.

08:50

பின்னறையில் அசைவு இல்லை. உறுதிசெய்யவும். ஆள் எத்தனை?

இரண்டு.