பக்கத்தில் இருந்தும் எழுதிக் கேட்டவளுக்கு

இன்று காலை முன்பின் தெரியாத ஒருவனின் மின்னஞ்சலில் உன் கேள்வி மறுபடியும் வந்து நின்றது. படித்ததும் சந்தன வாசனை அடித்தது போல இருந்தது. சிரிக்காதே. திருப்பதி பேருந்து நிலையத்துக்கு எதிரே நாம் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் நாற்காலி முதுகெல்லாம் சந்தனக் கறைதானே. மலையில் மொட்டை போட்டுவிட்டு நேராக வந்து, அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு மெயில் அனுப்பச் சொல்வார்கள். நீ தெலுங்கில் கேட்டு இங்கிலீஷில் அடிப்பாய். கூட்டம் குறைந்தால் நமக்கு லினக்ஸ், ஊர் ஊராகப் பலர் சேர்ந்து இலவசமாகச் செய்யும் அந்தக் கணினி இயங்குதளம்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த பதிப்பு வருவதற்கு முன் நம் லினக்ஸ் தொகுப்பில் இருக்கும் பழைய நிரல் துண்டுகளை, அந்த லைப்ரரிகளை எல்லாம் திரும்பச் சோதிக்கிறார்கள். என்னுடையதும் மாட்டிக்கொண்டது. பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்து வைத்ததை இன்றைய கணினிகள் படிக்கும்படி மாற்றித் தருமே, அதேதான். “இதிலுள்ள எழுத்து அட்டவணை எங்கிருந்து வந்தது? எழுத்துருவை விற்ற நிறுவனத்திடமிருந்து நகல் எடுத்ததா? தெளிவான பதில் இல்லையென்றால் நீக்கிவிடுவோம்” என்று எழுதியிருந்தான் அந்தப் பையன். அந்த லைப்ரரியை நம்பித்தான் எத்தனையோ பேர் தங்கள் பழைய கதைகளையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் திறந்து படிக்கிறார்கள். அட்டவணையைச் செய்த இடம், நகரியில் என் சித்தப்பாவின் அச்சகம், மூடிக் கிடக்கிறது. அங்கிருந்த கணினி பழைய இரும்போடு போய்விட்டது. சாட்சி சொல்ல நீ ஒருத்திதான். நீயும் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

அந்த அட்டவணையை நாம் செய்த ஞாயிற்றுக்கிழமைகள் உனக்கு நினைவிருக்கும். பாலசமுத்திரத்திலிருந்து நீ பஸ் பிடித்து நகரிக்கு வருவாய். வெளியே தெரு முழுக்கப் பவர்லூம் சத்தம். அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கணினி முன்னால் நான் ஒவ்வொரு விசையாகத் தட்டுவேன். திரையில் என்ன எழுத்து வருகிறதென்று நீ உரக்கச் சொல்வாய், நான் பதிந்துகொள்வேன். நீயும் நைனா என்றே கூப்பிடும் என் அப்பா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “இன்னாம்மா, ரெண்டு பேரும் மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போவார். யாரிடமும் எதையும் நகல் எடுக்கவில்லை. நம் கண்ணும் கையும்தான்.

அப்புறம் லினக்ஸ் குழுவில் அதைப் பரிசீலித்துச் சேர்க்கும் பொறுப்பு உன்னிடமே வந்தது. உனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து, மூட்டை கட்டிக்கொண்டிருந்த வாரம் அது. எனக்குச் சென்னையில் இன்டர்வியூ. ‘என் லைப்ரரி லினக்ஸில் சேர்ந்துவிட்டது’ என்று அங்கே சொல்ல வேண்டும் எனக்கு. நெசவுக்காரர் மகளுக்கு வேறு என்ன சிபாரிசு இருந்தது? நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் முடிந்தது. நீயோ உலகமே படிக்கும் மடலாடற்குழுவில், என் பெயரைப் போட்டு, “இந்த அட்டவணை எங்கிருந்து வந்தது?” என்று கேட்டாய். என் முழங்கை உன் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது அப்போது.

“ஏண்டி, நீதான பக்கத்துல உக்காந்துக்கினு படிச்சிச் சொன்ன? அப்புறம் இன்னா கேள்வி?” என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய். “எனக்குத் தெரியும்டி. ஊருக்குத் தெரியுமா? அங்க எழுது.”

“வாயால சொன்னா உன் காதுல ஏறாதா?”

“நான் உன் கூட்டாளி. அதனாலதான் கேக்கறேன். நாளைக்கி நாம ரெண்டு பேரும் இல்லாத எடத்துல எவனாவது கேட்டா யாரு வந்து சொல்றது?”

சென்டர்காரர் ரெட்டி நம்மைப் பார்த்து, “ஏமம்மா, பக்கபக்கனே கூச்சோனி மெயிலா?” என்று சிரித்தார். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மெயில் அனுப்பினால் யார்தான் சிரிக்கமாட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் விசைகளை உடைக்காத குறைதான். அச்சகம், ஞாயிற்றுக்கிழமை, நான் தட்டியது, நீ படித்தது, எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதினேன். கீழே நீ எழுதினாய்: “படித்தவள் நானே. இவள் சொல்வது உண்மை. சேர்க்கலாம்.” மறுநாள் நான் சென்னைக்கு ரயில் ஏறினேன். வேலையும் கிடைத்தது. அதற்குப் பிறகு நீ பெங்களூர், அப்புறம் கடல் கடந்து. போனில் பேசியதெல்லாம் பிள்ளைகள், மாமியார், முட்டிவலி. அந்தப் பேச்சில் பாதி இன்று எனக்கு நினைவில்லை. உன் குரலே சில நாள் பிடிபடுவதில்லை.

ஆனால் மடலாடற்குழுவின் பழைய பக்கம் அப்படியே இருந்தது. உன் கேள்வி, என் எரிச்சல், உன் சாட்சி, வரிசையாக. அதன் முகவரியை அந்தப் பையனுக்கு அனுப்பினேன். மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது. “இதைவிடத் தெளிவாக யாரும் கேட்டிருக்கவும் முடியாது, சொல்லியிருக்கவும் முடியாது. லைப்ரரி இருக்கட்டும். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தான். நீ இல்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? நான் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து வேலையைப் பார்த்தேன்.

இப்போது நானும் மற்றவர்களின் லைப்ரரிகளைப் பரிசீலிக்கிறேன். என் அணியில் பக்கத்து நாற்காலியில் இருக்கும் பெண் ஏதாவது விளக்க வாயைத் திறந்தால், “அங்க எழுதும்மா” என்கிறேன். அவள் முணுமுணுக்கிறாள். முணுமுணுக்கட்டும்.

அந்தப் பையனின் நன்றியை உன்னிடம் சேர்க்க வேண்டும். என்னுடையதும் பாக்கி இருக்கிறது. கூட இருந்த காலமெல்லாம் நான் அதை ஒருமுறைகூட உனக்குச் சொன்னதில்லை. உனக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். உனக்குத் தெரியும்டி. ஊருக்குத் தெரியாதே. அதனால்தான் அதே மடலாடற்குழுவில் இங்கே எழுதுகிறேன்.