கோடு ஏன் முன்னதாக வளைகிறது

12 மார்ச் 1991, செவ்வாய்

கோடு ஏன் முன்னதாகவே வளைகிறது? எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து மழை. ஆய்வகக் கூரை ஒழுகல், கீழே வாளி.

எங்கள் மீகடத்திப் படிகம் 90 கெல்வினில் மின்தடையை முழுக்க இழக்கிறது. அதில் தகராறு இல்லை. ஆனால் குளிர்விக்கும்போது 110-லேயே மின்தடைக் கோடு நேர்பாதையை விட்டுக் கீழே சாய்கிறது. காரணம் இரண்டில் ஒன்று. மீகடத்தல் முழுதாக வருமுன்பே அது ஆங்காங்கே தோன்றி மறையும் ஏற்ற இறக்கங்கள். அல்லது, படிகத்தில் பழுது.

ஏற்ற இறக்கம்தான் என்று துறைத்தலைவர் கட்டுரையே எழுதிவிட்டார். எழுதியவர்களில் என் பெயர் இரண்டாவது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம்.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"கிராஃபைப் பாருங்க டாக்டர். அழகா வளையுதுலா."

இதுதான் ஆதாரம். இவர் மாணவர்களுக்கு மதிப்பெண் வேறு போடுகிறார்.

13, புதன்

வெயில். தலைவலி.

கையெழுத்து இல்லையென்றால் இணைப் பேராசிரியர் பதவிக்குப் பரிந்துரை இல்லை. துறைத்தலைவர் நேராகவே சொன்னார், பிஸ்கட் தின்றுகொண்டே. பல்லிடுக்கில் துணுக்கு.

தெரிந்துகொள்ள ஒரே வழி: படிகத்தை இரண்டாக்கித் தனித்தனியே அளப்பது. பழுது என்றால் இரு பாதியும் ஒரே மாதிரி வளையாது. ஆனால் உருப்படியான படிகம் ஒன்றுதான். ஆறு மாத உலை வேலை. சனிக்கிழமை துணைவேந்தர் அதைப் பார்க்க வருகிறார்.

டெக்னீஷியன் ராணி, கடலுக்கு அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெரியில் வருபவள்: "அவரைக் கேட்டுட்டு உடைங்கக்கா."

"கேட்டா வேணாம்னுதான் சொல்வாரு."

"அப்ப கேக்காதீங்க. நான் சாப்பிடப் போறேன். எதையும் பாக்கல."

பிளேடால் உடைத்தேன். மின்தடை அளக்கப் பாதிக்கு நான்கு தங்கக் கம்பி, ஒட்ட வெள்ளிப் பசை. முடிக்க மாலை ஆறு. அந்த ஆள் முட்டாள் என்பது நாளை கிராஃப் தாளில் இருக்கும்.

14, வியாழன்

ராணி திரவ நைட்ரஜன் கொண்டுவந்தாள். இரண்டு பாதியும் அளந்தாயிற்று, குளிரும்போதும் சூடேறும்போதும். இரண்டும் 110-ல்தான் வளைகின்றன, ஒரே அளவில். தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். ஒரே கோடு.

பழுது இல்லை. துறைத்தலைவர் சொன்னது சரி. ஏன் சரி என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் சரி.

போய்ச் சொன்னேன், உடைத்ததையும் சேர்த்து. பிஸ்கட் டப்பாவை மூடினார்.

"இப்ப ரெண்டு இருக்கா?"

"ரெண்டு பாதி."

"துணைவேந்தருக்கு ரெண்டையும் காட்டலாம்லா. கண்ணாடிப் பெட்டி இன்னொண்ணு வேணும்."

கட்டுரையில் கையெழுத்துப் போட்டேன். ராணி பெட்டி வாங்கப் போனாள்.