ஈட்டி முனையில் குளோடோமரின் தலை

மார்ச் 9, ஞாயிறு
பூசையிலிருந்து வந்ததும் என் மனைவி எவாஞ்சலின் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டாள். தபால்வழி எம்.ஏ. வரலாறு, கடைசி வருடம். சாம்பார் நான்தான் வைத்தேன். உப்பு கூடிவிட்டது. கவனிக்காமலே சாப்பிட்டாள்.

மார்ச் 12
அவள் ஆய்வுக் கட்டுரை ஒரு போரைப் பற்றியது. ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன், பிரான்சில் வெசெரோன்ஸ் என்ற இடத்தில் பிராங்குகளும் பர்கண்டியர்களும் மோதியிருக்கிறார்கள். பிராங்கு ராஜா குளோடோமர், ஓடியவர்களைத் துரத்திப் போய்த் தனியாக மாட்டிக்கொண்டான். தலையை வெட்டி ஈட்டியில் குத்தித் தூக்கிக் காட்டினார்களாம்.
"அப்புறம் யாரு ஜெயிச்சா?"
"அதாங்க தெரியல. பிராங்கு நாட்டு பிஷப் ஒருத்தர் அவங்கதான் ஜெயிச்சாங்கனு எழுதிக்கீறாரு. கிரேக்கக்காரர் ஒருத்தர், தலையப் பாத்ததும் பிராங்குங்க ஆடிப்பூட்டாங்க, தோத்தாங்கன்றாரு. ரெண்டு பேருமே அங்க இல்ல."
மூன்று மாதம் படித்துவிட்டுத் தெரியவில்லை என்கிறாள்! நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 26
வேலப்பன்சாவடி கல்லூரி ஒன்றில் வாய்மொழித் தேர்வு. அறை வாசலில் நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது.
"பிராங்குகள் வென்றார்கள்னு ஒரு வரி மாத்திக் குடும்மா. பாஸ் போட்டுடறேன்" என்றார் பேராசிரியர்.
"ரெண்டு சாட்சியும் ஒத்துப்போகல சார். எப்படி எழுதறது?"
பெயில். பாஸானால் ஜூனில் பதினோராம் வகுப்பு வரலாறு தருவதாக அவள் எல்.கே.ஜி. நடத்தும் பள்ளிக்கூட மதர் சொல்லியிருந்தார். அதுவும் போச்சு. கள்ளிக்குப்பத்து வீடு வரும்வரை பைக்கைக் கோபத்தோடு முறுக்கினேன். இன்னாத்துக்கு இவ்ளோ பிடிவாதம்? ஒரு வரிதானே —

ஏப்ரல் 27
தூக்கம் வரவில்லை. கம்பெனியில் மேனேஜர் விரல் வைத்த இடத்திலெல்லாம் பதினோரு வருடமாகக் கையெழுத்துப் போடுகிறவன் நான். அவளிடம் என்ன கோபம் எனக்கு?
காலையில் டீ கொடுத்தேன். "நீ மாத்தாத எவா" என்றேன். அப்போதுதான் அழுதாள்.

ஜூன் 2
பள்ளி திறந்தது. மறுபடி எல்.கே.ஜி.க்கே போனாள். தலை நிமிர்ந்துதான் போனாள்.

டிசம்பர் 13
மறுபடி வாய்மொழித் தேர்வு. வேறு பேராசிரியர். அதே கேள்வி, அதே பதில். அரைமணி நேரம் அவளோடு மல்லுக்கட்டினார். கடைசியில், "எனக்கும் உறுதியா தெரியாதும்மா" என்றார்.
பாஸ்!

ஜனவரி 5
பதினோராம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போயிருக்கிறார். மதர் எவாவைக் கூப்பிட்டார். இன்று முதல் நாள்.
"இன்னா நடத்துன?"
"பாடத்துக்கு முன்னாடி அந்தப் போர்தான். ரெண்டு பேரு எழுதினதையும் படிச்சிக் காட்டிட்டு கடைசி பெஞ்சுல போய் உக்காந்துகினேன். பெல் அடிச்சும் யாரு ஜெயிச்சான்ற பசங்க சண்ட முடியல."
"நீ இன்னாதான் சொன்ன?"
"வாயே தொறக்கல."
எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அவள் பக்கத்தில் அந்த பெஞ்சில் ஒரு பீரியடாவது உட்கார வேண்டும் போலிருந்தது.